பண்ணை முயல் கறி: வாங்குவது முதல் இலையில் வைப்பது வரை (காடை, வான்கோழி, வாத்துக்கும் சேர்த்து)

பண்ணை முயலை முதல்முறை வாங்கிச் சமைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "கறி சக்கை சக்கையாக இருந்தது" என்பார்கள். மீதிப் பேர் "மசாலா வாசனைதான் வந்தது, கறிக்கு ருசியே இல்லை" என்பார்கள். கறியில் குறையில்லை. நம் வீடுகளில் வழிவழியாக வந்த முயல் கறிப் பக்குவம் வேறொரு பிராணிக்கானது.

தாத்தா காலத்தில் காட்டிலும் மேட்டிலும் ஓடிய முயல், இந்த மண்ணின் காட்டு முயல். நாள் முழுக்க ஓடித் திரிவதால் அதன் கறி கருஞ்சிவப்பாக, இறுகலாக, வீச்சத்தோடு இருக்கும். அதற்கு அம்மியில் அரைத்த காரமான மசாலாவும், மண்சட்டியில் இரண்டு மணி நேரக் கொதியும் தேவைப்பட்டன. இன்று கூண்டில் வளர்வது ஐரோப்பிய முயலின் வழி வந்த இனம். அதன் கறி வெளிறிய இளஞ்சிவப்பு; நாரும் மென்மை, வாசனையும் மென்மை. காட்டு முயல் பக்குவத்தை இதன் மேல் போட்டால் கறி உலர்ந்துபோகும், மசாலாவும் அதை அமுக்கிவிடும்.

காட்டு முயல் பற்றிய பேச்சை இங்கேயே முடித்துவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவதும், கறியை வாங்குவதும் விற்பதும் குற்றம். காட்டுக் காடை, கௌதாரி, உடும்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சந்தை ஓரத்தில் யாராவது சாக்குப் பையைத் திறந்து காட்டினால் நகர்ந்துவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எப்படிச் செத்தது, எப்போது செத்தது என்று தெரியாத கறியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

முதல் வேலை: சரியான முயலை வாங்குவது

தமிழ்நாட்டில் கறிக்கு வளர்க்கும் இனங்களில் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் ஆகியவை அதிகம் கண்ணில் படும். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையத்திலும் முயல் வளர்ப்பு நடக்கிறது. இனத்தைவிட வயதுதான் உங்களுக்கு முக்கியம். ஏறக்குறைய 12 வாரம், 2 கிலோ உயிர் எடை உள்ள முயலைக் கேளுங்கள். தோலும் குடலும் போக ஒரு கிலோவுக்கு முன்பின்னாகக் கறி நிற்கும். நான்கு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

குட்டி போட்டு ஓய்ந்த தாய் முயலையும் சில பண்ணைகளில் மலிவாகத் தருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது குழம்புக்கு மட்டும்தான் ஆகும்.

அறுத்துத் தோலுரிக்கும் வேலையைப் பண்ணையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். ஒன்று, ஈரலையும் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பையும் தூக்கி எறியாமல் தரச் சொல்லுங்கள். இரண்டு, கறியைத் துண்டு போட வேண்டாம், முழுசாகவே வேண்டும் என்று சொல்லுங்கள். முயல் எலும்பு மெல்லியது. கோழியை வெட்டுவதுபோலக் கத்தியை ஓங்கிப் போட்டால் ஊசி ஊசியாகச் சிதறும். அந்தச் சில்லு குழம்பில் கரையாது, பொரியலில் கண்ணுக்குத் தெரியாது, குழந்தையின் தொண்டையில்தான் தெரியும்.

ஈரலை வாங்கியவுடன் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே சீரான கருஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகப் புள்ளியோ முடிச்சோ இருந்தால் அது பெரும்பாலும் காக்சிடியா ஒட்டுண்ணி தாக்கிய ஈரல். அதைச் சமைக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

ஆறவிடுதல்

அறுத்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். அந்த விறைப்பில் இருக்கும்போது சமைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்போல இழுக்கும். நம் ஊர் வழக்கம் காலையில் அறுத்து மதியம் சமைப்பது. முயலுக்கு அது ஒத்துவராது. முழுக் கறியையும் ஈரத் துணியால் துடைத்து, ஒட்டியிருக்கும் முடியை எடுத்துவிட்டு, மூடிய பாத்திரத்தில் ஓர் இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். முடியைத் துண்டு போடும் முன்பே எடுத்துவிட வேண்டும். துண்டு போட்ட பிறகு ஒவ்வொன்றிலும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வெட்டுவது: கத்தி எங்கே போக வேண்டும்

இந்தக் கட்டத்தை அவசரமில்லாமல் செய்யுங்கள். கனமான வெட்டுக்கத்தி வேண்டாம். கூரான சின்னக் கத்தி ஒன்று போதும். எலும்பை உடைக்காமல், மூட்டுகளை மட்டும் பிரிக்கப் போகிறோம்.

முயலை மல்லாக்கப் போடுங்கள். ஈரல் ஒட்டியே வந்திருந்தால் பச்சை நிறத்தில் தெரியும் பித்தப்பையை, அது உடையாதபடி சுற்றிக் கொஞ்சம் ஈரலையும் சேர்த்தே அரிந்து எறியுங்கள். ஒரு சொட்டு கறியில் பட்டாலும் கசப்பு போகாது. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கிள்ளித் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். இந்த முயலில் கொழுப்பு என்று சொல்ல இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அக்குளில் மெழுகு உருண்டைபோலச் சின்னச் சுரப்பி தட்டுப்பட்டால் எடுத்துவிடுங்கள்.

முன்னங்கால் எளிது. அது முதுகெலும்போடு எலும்பால் இணைந்ததல்ல, தசை மட்டுமே பிடித்திருக்கிறது. காலைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து, விலாவை ஒட்டிக் கத்தியை வழுக்கிக்கொண்டு போனால் சத்தமில்லாமல் தோள்பட்டையோடு கழன்று வரும்.

பின்னங்காலை வெளிப்பக்கமாக மடக்குங்கள். இடுப்பில் "டக்" என்று ஒரு பந்து கிண்ணத்திலிருந்து எழும்பும். அந்த வெள்ளைப் பந்தைச் சுற்றிக் கத்தியைவிட்டால் தொடை முழுசாகப் பிரியும். முட்டியிலும் இதேபோல மடக்கித் தொடை, கெண்டை என இரண்டாக்கலாம்.

வயிற்றுப் பக்கம் தொங்கும் மெல்லிய சதையை விலா ஓரமாக அரிந்தெடுங்கள். மிச்சம் இருப்பது முதுகு. கடைசி விலாவிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு நீளமான சதைப்பட்டைகள் ஓடும். முயலின் மிகச் சிறந்த இடம் இது. எலும்பை ஒட்டிக் கத்தியை நீளவாக்கில் இழுத்து இரண்டையும் கழற்றுங்கள். அதன்மேல் வெள்ளி நிறத்தில் மினுங்கும் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். ஒரு முனையில் கத்தி நுனியைச் செருகி, சவ்வை விரலால் இழுத்துப் பிடித்தபடி அடியில் அரிந்துகொண்டே போங்கள். சவ்வு இருந்தால் வாணலியில் போட்டவுடன் அது சுருங்கிச் சதையை வில்லாக வளைத்துவிடும்.

இப்போது உங்களிடம் மூன்று குவியல்: கால்களும் வயிற்றுச் சதையும் ஒன்று, முதுகுப் பட்டைகள் ஒன்று, கழுத்து, விலாக்கூடு, முதுகெலும்பு ஒன்று. மூன்றுக்கும் மூன்று பக்குவம். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டுவதுதான் முயல் கறி கெடுவதற்கு முதல் காரணம். கால் வேகும் நேரத்தில் முதுகு பஞ்சாகிவிடும்.

உப்புத் தண்ணீரில் ஊறல்

ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 30 கிராம் உப்பு. கால்கள் இரண்டு மணி நேரம், முதுகுப் பட்டை அரை மணி நேரம், குளிர்பெட்டிக்குள். உப்பு உள்ளே இறங்குவதால் வேகும்போது சதை நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். எடுத்ததும் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். வீச்சம் போகட்டும் என்று எலுமிச்சையிலும் வினிகரிலும் மணிக்கணக்கில் ஊறவைப்பவர்கள் உண்டு. பண்ணை முயலில் போக்க வேண்டிய வீச்சம் இல்லை. அதிகப் புளிப்பு இந்த ஒல்லிக் கறியின் வெளிப்பக்கத்தை வெந்ததுபோல வெளுக்கவைத்து உலர்த்திவிடும். புளிப்பு வேண்டும் என்றால் இரண்டு கரண்டி தயிர் தடவினால் போதும்.

கால்களுக்கு: பள்ளிபாளையம் வழி வறுவல்

ஈரோட்டுக்குக் காவிரியின் மறுகரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரில் கோழிக்கு வழங்கும் பக்குவம், பண்ணை முயலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தும். பட்டை, கிராம்பு கிடையாது. வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும்தான். கறியின் மெல்லிய ருசி மேலே தெரியும். தேங்காயும் எண்ணெயும் அதில் இல்லாத கொழுப்பைத் தரும்.

வேண்டியவை: முயல் கால்களும் வயிற்றுச் சதையும் ஏறக்குறைய 600 கிராம், உரித்த சின்ன வெங்காயம் 250 கிராம், விதை உதிர்த்துக் கிள்ளிய வரமிளகாய் 12, தட்டிய பூண்டு 10 பல், கறிவேப்பிலை 3 கொத்து, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கடலை எண்ணெய் 5 டேபிள்ஸ்பூன், அரை மூடித் தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கியது.

அடி கனமான இரும்புச் சட்டியில் முதலில் அந்தச் சிறுநீரகக் கொழுப்பைப் போட்டுச் சிறுதீயில் உருக்குங்கள். உருகியதும் எண்ணெயைச் சேர்த்து, துடைத்து வைத்த கறியை இரண்டு தவணையாகப் போட்டு எல்லாப் பக்கமும் பொன்னிறம் வரும்வரை சிவக்கவிட்டு எடுத்துவிடுங்கள். ஒரே தவணையில் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு அவியும், சிவக்காது.

அதே எண்ணெயில் மிளகாய், அது கறுக்கும் முன் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் மஞ்சள்தூள், கறி. ஒரு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி, மூடி, தீயைச் சிறியதாக்குங்கள். சட்டிக்குள் அங்கங்கே ஒரு குமிழி எழுந்தால் போதும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. 12 வார முயலுக்கு 40 முதல் 50 நிமிடம் ஆகும். இடையில் தண்ணீர் சுண்டினால் கால் டம்ளர் கூட ஊற்றுங்கள். தொடையின் கனமான இடத்தில் முள்கரண்டியைச் செருகித் திருப்பினால் சதை நாராகப் பிரிய வேண்டும். அதுதான் பதம். அதற்குப் பிறகு மூடியைத் திறந்து, தேங்காய்ச் சில்லைப் போட்டு, எண்ணெய் பிரிந்து கறி மினுங்கும்வரை பிரட்டுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். ஊறலிலேயே பாதி உப்பு ஏறியிருக்கும்.

குக்கரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். இளம் முயலுக்கு வேண்டாம். ஒரு விசில் குறைந்தால் வேகாது, ஒரு விசில் கூடினால் எலும்பு வேறு, சக்கை வேறாகிவிடும். நடுவில் திறந்து பார்க்கவும் முடியாது. தாய் முயலுக்குத்தான் குக்கர். நான்கைந்து விசில் வைத்து, மல்லி, மிளகு, சோம்பு, கசகசா வறுத்தரைத்த மசாலாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் குழம்பாக்குங்கள். பாட்டியின் பக்குவம் சேர வேண்டிய இடம் இதுதான். கம்மங்களிக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

முதுகுப் பட்டைக்கு: நெய்யும் மிளகும்

இதற்குப் பத்து நிமிடம் போதும். எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் அடுப்பில் போடுங்கள். வாணலியில் இரண்டு டேபிள்ஸ்பூன் நெய், மிதமான தீ. பட்டைகளை முழுசாகவே போட்டு, ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம். உருகும் நெய்யைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். கன்னம்போலத் தொளதொளத்த சதை, விரலால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ளத் தொடங்கும்போது எடுங்கள். உணவு வெப்பமானி இருந்தால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அதுதான் பாதுகாப்பான அளவு; அதற்கு மேல் விடுவதில் லாபம் இல்லை. ஐந்து நிமிடம் மூடி வைத்து, விரல் கனத்துக்குச் சாய்வாக வெட்டுங்கள். வாணலியில் மிச்சமிருக்கும் நெய்யில் இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை பொரித்து மேலே கொட்டுங்கள்.

ஈரலும் இதே வாணலியில் நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு முழுக்க வேகும்வரை ஒரு பிரட்டல்.

எலும்புக்கு: சாறு

கழுத்து, விலாக்கூடு, முதுகெலும்பை ஒன்றரை லிட்டர் தண்ணீரில், தட்டிய மிளகு, சீரகம், மல்லி விதை, நான்கைந்து சின்ன வெங்காயத்தோடு சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கட்டாயம் துணியில் வடிகட்டுங்கள். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் விலாச் சில்லு ஒன்றிரண்டு இருக்கும்.

கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை

முயல் கறியில் நூறு கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதமும், 5 முதல் 6 கிராம் கொழுப்பும்தான். இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் எண்ணெயையும் குறைத்துச் சமைக்கிறார்கள். இலையில் சக்கை விழுகிறது. முயல் தின்று பழகிய ஊர்களைப் பாருங்கள். மால்டா தீவில் முயல்தான் தேசிய உணவு. பூண்டும் ஒயினும் சேர்த்து எண்ணெயில் சிவக்கவிட்டு, மெல்ல வேகவைத்து, முதலில் அந்தச் சாற்றை ஸ்பகெட்டியில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பிறகுதான் கறிக்கு வருவார்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் பாயெல்லா என்றால் கோழியும் முயலும் ஆலிவ் எண்ணெயில் வதங்கிய சோறு. பிரெஞ்சுக்காரர்கள் கடுகு விழுதும் பாலாடையும் சேர்க்கிறார்கள். எல்லாரும் வெளியிலிருந்து கொழுப்பைக் கொண்டுவருகிறார்கள்.

வட கனடாவில் வாழ்ந்து ஆய்வு செய்த ஸ்டெஃபான்சன் இதன் கடைசி எல்லையையும் எழுதிவைத்திருக்கிறார். குளிர்காலத்தில் வேறு கொழுப்பே கிடைக்காமல் முயலை மட்டும் தின்றவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டும் பசி தீராமல், வயிற்றுப்போக்கும் தலைவலியுமாக நலிந்தார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டில் சோறும் எண்ணெயும் இருப்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனால் உடம்பு இளைக்க வேண்டும் என்று வேகவைத்த முயல் கறியை மட்டும் வாரக்கணக்கில் தின்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

மற்றக் கறிகள்: கொழுப்பு எங்கே என்று பாருங்கள்

முயலில் கற்றது அப்படியே மற்றவற்றுக்கும் உதவும்.

காடை. கடையில் கிடைப்பது ஜப்பானிய காடை. சென்னை நந்தனத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் காடையும் அந்த வகைதான். ஐந்தாறு வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும். தோலோடு வாங்குங்கள், ஏனென்றால் உள்ள கொழுப்பு தோலுக்கு அடியில்தான். முதுகெலும்பைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் வேகும். சூடான கல்லில் தோல் பக்கம் ஆறு ஏழு நிமிடம், மறுபக்கம் நான்கு நிமிடம். முழுசாக எண்ணெயில் அமிழ்த்திப் பொரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வான்கோழி. நெஞ்சும் காலும் இரண்டு வேறு கறி. நெஞ்சை முயல் முதுகுபோல நினையுங்கள்: உப்புத் தண்ணீர், குறைந்த நேரம். காலில் எலும்புபோல இறுகிய நரம்புகள் ஓடும். ஒன்றரை மணி நேரம் குழம்பில் மெல்ல வேகட்டும், வெந்த பிறகு நரம்பு தானாக உருவிக்கொண்டு வரும். வெட்டி ஒன்றாகப் போட்டுப் பிரியாணி செய்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பாதி உலர்ந்தும் பாதி வேகாமலும்தான் வருகிறது. காலை மட்டும் பிரியாணிக்குப் போடுங்கள்.

கினிக் கோழி. ஒல்லி. முயல் கால் பக்குவம் அப்படியே பொருந்தும்.

வாத்து. இதில் எல்லாம் தலைகீழ். கொழுப்பு தோலுக்கடியில் தடிமனாகப் படிந்திருக்கிறது. எண்ணெயே ஊற்ற வேண்டாம். காய்ச்சாத வாணலியில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி துண்டுகளை வைத்து, அதன் பிறகு அடுப்பைச் சிறுதீயில் மூட்டுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் கொழுப்பு உருகிக் குளம் கட்டும். அதை ஒரு பாட்டிலில் வடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தில் மிளகு தூக்கலாக வறுவலோ குழம்போ செய்யுங்கள். வடித்த கொழுப்பு குளிர்பெட்டியில் நன்றாக நிற்கும். அடுத்த முறை முயல் கால்களைச் சிவக்கவைக்க அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

பரிமாறுதலும் மிச்சமும்

வறுவலுக்குச் சூடான சோறும் ரசமும், குழம்புக்கு இட்லி, தோசை, களி. மூட்டில் வெட்டியிருந்தாலும் சின்னக் குழந்தைகளுக்குச் சதையை உதிர்த்து, விரலால் தடவிப் பார்த்தே கொடுங்கள்.

மிஞ்சியதை எண்ணெயும் சாறும் சேர்த்து மூடி, சூடு அடங்கியவுடன் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது இரண்டு கரண்டி எலும்புச் சாறு ஊற்றி, மூடி, சிறுதீயில் நன்றாக ஆவி வரும்வரை வையுங்கள். சமைக்காத கறி என்றால் குளிர்பெட்டியில் இரண்டு நாள்தான் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமானால் கால், முதுகு, எலும்பு மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாக உறையவையுங்கள். வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டு அவசரமாக இளக்காமல், முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.